முன்கதைச் சுருக்கமும் மஞ்சள் ரெயின்கோட்டும்

நெய்வேலியில் எதை வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். பெல்ட்டை நிறுத்தலாம், பாய்லரை நிறுத்தலாம், நாலு பேர் மனது வைத்தால் ஒருவனுடைய பிரமோஷனைக்கூட நிறுத்தலாம். பேச ஆரம்பித்துவிட்ட முன்கதைச் சுருக்கத்தை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. அவராக நிறுத்தினால்தான் உண்டு. அவரும் சும்மா நிறுத்த மாட்டார். கேட்கிறவன் அடுத்தது என்ன என்று வாயைத் திறக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவார். இப்பேர்ப்பட்ட மனிதரின் வாயில் ஒருமுறை ஒரு குடும்பஸ்தனின் வேலை போய் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்தது. அதை நாங்கள் அங்கேயே விட்டுவிட்டோம். தெற்கே கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மைன்ஸில் பெல்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். வெட்டிய மண்ணைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றால் உயிர். ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் உள்ள நீள சீட்டில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "முன்கதைச் சுருக்கம்" என்பார். உடனே பஸ் அமைதியாகிவிடும். அந்தச் சுருக்கமே மெயின் பஜார் வரைக்கும் ஓடும். மீதி தூரத்தில் கதை ஓர் அடி நகரும். மைன்ஸ் கேட் வந்ததும் "தொடரும்" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

அவருடைய பெரிய தொடர் ஒன்று உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு மனிதன் தூக்கக் கலக்கத்தில் ஒரு தெரு தள்ளி இறங்கிவிடுகிறான். எங்கள் டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கதவு, வாசலில் அதே மாமரம். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டி, மூடி வைத்திருந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிடுகிறான். அது வேறு யாரோ வீடு. அந்த வீட்டுக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். தூங்குகிறவரை எழுப்பி "நீங்க யாருங்க" என்று எப்படிக் கேட்பது என்று தயங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. அவர்கள் தயங்கியதை மட்டும் அவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னார்.

எங்களுக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். அவர் ஒரு ஷிஃப்டிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கதையும் கூடவே போய்விடும். பின்தங்கியவர்கள் தவித்துப்போவார்கள். நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஷிஃப்ட் மாற்றிக் கேட்கும் சீட்டுகள் என் மேஜைக்குத்தான் வரும். அந்த மழைக்காலத்தில் மைன்ஸில் பாதிப் பேருடைய மாமியார்களுக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்தது. காதர் என்று ஒரு எலக்ட்ரீசியன், எங்கள் பஸ்ஸின் நிரந்தர எதிர்க்கட்சி. அவர் தன் ஒரே மாமியாருக்குக் காய்ச்சல், கண் ஆபரேஷன், கால் முறிவு என்று மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்தார். கால் முறிந்த வாரத்தில் அந்த அம்மாள் மெயின் பஜாரில் எனக்கு முன்னால் நின்று கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன். ஏனென்றால் அந்த வாரம் என் மாமியாருக்கும் உடம்பு சரியில்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை அந்த வீட்டு விலாசம். கதைக்கு ஒரு நம்பகம் வேண்டும் என்று பிளாக், தெரு, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒருநாள் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த நம்பர் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வாசலில் நின்று, "உங்க வூட்ல தூங்கறாரே ஒருத்தரு, எழுந்துட்டாராங்க?" என்று விசாரித்தார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனார். அந்த வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார்.

"சார், கதைய நிறுத்தச் சொல்லல. எங்க வூட்டுக்காரம்மாவும் அடுத்து என்ன ஆச்சுன்னு கேட்டுகினுதான் இருக்குது. வூட்டை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

மறுநாள் பஸ்ஸில், கதையில் வரும் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிவிட்டது. தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் கட்டிலோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி கிளம்புகிற இடத்தில் தொடரும் போட்டார்.

டிவி சீரியல் காலம் வந்தபோது இனி இவர் பிழைப்பு அவ்வளவுதான் என்று நினைத்தோம். மனிதர் அசரவில்லை. ஒரே மாதத்தில் பாணியை மாற்றிவிட்டார். கேண்டீனில் சாம்பாருக்கு உப்பு இல்லை என்பதைச் சொல்ல, முதலில் சாம்பாரைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார், காதரைப் பார்ப்பார், திரும்பவும் சாம்பாரைப் பார்ப்பார். அதற்குள் சாம்பார் ஆறிவிடும். "இதுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க" என்பார். உப்புப் போட மறந்த மாஸ்டரைத் தவிர பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் போன் வந்தது. பஸ்ஸில் எல்லார் காதிலும் இயர்போன். முன்கதைச் சுருக்கம் என்றால் திரும்பிப் பார்க்கவும் ஆள் இல்லை. எனக்குத்தான் வருத்தமாக இருந்தது, அவருக்கு இல்லை. பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு குரூப் ஆரம்பித்து, வாய்ஸ் மெசேஜில் கதை போட ஆரம்பித்தார். எல்லாரும் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள் என்று காதர் போட்டுக் கொடுத்துவிட்டார். மனிதர் யோசித்தார். பாதி வேகத்தில் பேச ஆரம்பித்தார். அதை இரட்டை வேகத்தில் ஓட்டினால் சாதாரணமாகக் கேட்கும். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாளடைவில் அதுவே பழக்கமாகி, நேரில் பார்க்கும்போதும் "சா... ப்... டா... ச்... சா..." என்று கேட்டார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, "வெங்காயம் தீந்துபோச்சான்னு அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் கடைக்கே போய்ட்டு வந்துட்டேன்" என்றார்.

பிறகு முப்பது வினாடி வீடியோ காலம். காதர் சவால் விட்டார். "யோவ் முன்கதை, அந்தத் தப்பு வூட்டுக் கதைய முப்பது செகண்டுல சொல்லு பாக்கலாம்."

"தப்பான வீட்டுக்குள்ள போனான். தூங்கிட்டான். அவ்வளவுதான்."

காதர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இதுக்காய்யா நான் எங்க மாமியார் காலை ஒடச்சேன்?"

அன்றைக்குத்தான் காதர் அவரை நேராகக் கேட்டார். "ஏன்யா, ஆறு மாசத்துக்கு ஒரு வேஷம் போடற. உனக்குன்னு ஒரு பாணி கெடையாதா?"

அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவர் போல இருந்தது.

"காதர், மனுசன் மாறுறான்ல. கதை மட்டும் எப்படி அப்படியே இருக்கும்? இந்தப் பக்கம் கூத்து பாத்திருக்கேல்ல. ராஜா வேஷம் கட்டினவன் வந்து என்ன பண்றான்? 'எனக்குக் கோவம் வந்திருக்கு'ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி பாடறான். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு கெடையாது. அப்புறம் அச்சுல கதை வந்துச்சு. ஒருத்தன் தனியா உக்காந்து, வாய் அசையாமப் படிச்சான். 'என்று நினைத்தான்'னு அதுல போட்டிருந்துச்சு. அடடே, நாமளும் உள்ளுக்குள்ள பேசலாம் போலயேன்னு அவனுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. குவார்ட்டர்ஸ்ல பின்னாடி ஒரு ரூம் எக்ஸ்ட்ரா இழுத்துக் கட்டறோம்ல, அந்த மாதிரி உள்ள ஒரு ரூம் கெடச்சுது."

"அப்ப அதுக்கு முன்னாடி மனுசனுக்கு மனசே இல்லையா?"

"இருந்துச்சு. தனித்தனியா இல்ல. தெருக்குழாய் மாதிரி எல்லாருக்கும் பொதுவா இருந்துச்சு."

"சினிமா?"

"சினிமாவுலதான் நமக்கு ஃபிளாஷ்பேக் வந்துச்சு. சீரியல்ல சந்தேகம் வந்துச்சு. இப்ப போன் வந்து அந்த ரூம் சுவத்தையே இடிச்சாச்சு. மனசுல வர்றதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ்ல போட்டுடறான். திரும்ப கூத்துக்கே வந்துட்டோம், வேஷம் மட்டும் இல்ல."

"இதெல்லாம் எந்த புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"எல்லாம் நம்ம பஸ்ல பாத்ததுதான்" என்றார் அவர். காதர் மீண்டும் இயர்போனை மாட்டிக்கொண்டார். இதெல்லாம் வெட்டிப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஏழுமலையின் விவகாரம் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலைக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. பெல்ட்டின் இரு பக்கமும் சிந்திக் கிடக்கும் மண்ணை அள்ளிப் போடுவான். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. ஒருநாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவன் திடீரென்று ஓடிப்போய் பெல்ட் ஓரமாகப் போகும் எமர்ஜென்சி கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டான். பெல்ட் நின்றது. அது நின்றதால் அதற்கு முந்திய பெல்ட் நின்றது. அது நின்றதால் மண் வெட்டுகிற மெஷினே நின்றது. எல்லாரும் ஓடி வந்து கேட்டால், மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஆள் ஒருவர் பெல்ட்டில் படுத்தபடி போனார் என்றான். தேடினார்கள். ஆளும் இல்லை, ரெயின்கோட்டும் இல்லை. ஷிஃப்டில் இருந்த எல்லாரையும் எண்ணிப் பார்த்தார்கள், எல்லாரும் இருந்தார்கள். ரெயின்கோட் மட்டும் காற்றில் வந்து விழுந்திருந்தால், பெல்ட் நிற்பதற்குள் மண்ணோடு மண்ணாக அடுத்த பக்கம் கொட்டியிருக்கும். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் "குடிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டார். காரணமில்லாமல் பெல்ட்டை நிறுத்தினால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் ஏழுமலைக்கு வேலை போச்சு. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சாட்சி ஒரே ஒரு ஆள். மோட்டார் மேடையில் நின்றுகொண்டிருந்த முன்கதைச் சுருக்கம்.

செய்தி கேட்டதும் பஸ்ஸே இடிந்துபோய்விட்டது. விசாரணை அதிகாரி முப்பது வயதுக்குள்ளான பையன், நல்ல மாதிரி, ஆனால் "பாயின்ட் மட்டும் சொல்லுங்க" என்பதைத் தவிர வேறு வாக்கியம் அவர் வாயில் வராது. இவரோ பெயர் கேட்டாலே பிறந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர். காதர் முதல் தடவையாக இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டார்.

"இந்தா பாருய்யா, ஒரு ஏழையோட பொழப்பு. நாளைக்கு ரெண்டே நிமிஷம். நேரா சொல்லணும். இப்ப எங்களுக்குச் சொல்லிக் காட்டு."

அவர் செருமினார். "அன்றைக்கு வானம் கறுத்திருந்தது..."

"வானம் வேணாம்."

"சரி. ஏழுமலை மண்ணை அள்ளுறான். மோட்டார் மேடையில நான். எதிர்ல பெல்ட்டு. திரும்ப ஏழுமலை."

"சீரியல் வேணாம். யாரையும் திரும்பிப் பாக்காத."

இப்படி மைன்ஸ் கேட் வரைக்கும் ஆளாளுக்கு அவர் கதையை வெட்டினார்கள். டிரைவர்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "அந்த மழையை எடுத்துடுங்கண்ணே" என்றார். கடைசியில் முழு விஷயமும் நாலு வாக்கியத்துக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தலையை மொட்டையடித்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில் வாக்குமூலம் டைப் அடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நடந்ததை நேரிலேயே பார்த்தேன். ஏழுமலை வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். சூப்பர்வைசர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி, "பாயின்ட் மட்டும் சொல்லுங்க" என்றார்.

முன்கதைச் சுருக்கம் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தார். "ஏழுமலை பெல்ட் ஓரத்துல வேலை செஞ்சான். கயித்த இழுத்தான். பெல்ட்டு நின்னுச்சு. நான் ரெயின்கோட்டப் பாக்கல சார்."

"குட். ரொம்பத் தெளிவா சொல்லிட்டீங்க" என்றார் அதிகாரி. என்னிடம், "டைப் பண்ணிட்டீங்களா? அப்ப முடிச்சிடலாம்" என்றார். சூப்பர்வைசர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெட்டி வெட்டி, ஏழுமலையின் வேலையையும் சேர்த்து வெட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு வாக்கியத்தில் அவன் காரணமில்லாமல் கயிற்றை இழுத்தவனாகத்தான் இருந்தான்.

முன்கதைச் சுருக்கம் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார்.

"சார், இதுல ஏழுமலையோட கை இருக்கு. ஏழுமலை எங்க சார்?"

"புரியல."

"கயிறு இருக்கு, பெல்ட்டு இருக்கு. இழுத்தவன் மனசுல என்ன ஓடுச்சுன்னு இல்லையே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரெயின்கோட்டப் பாக்கல சார். அவன் மூஞ்சியப் பாத்தேன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, சொல்லுங்கள் என்பது போலக் கையைக் காட்டினார். முன்கதைச் சுருக்கம் செருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வானம் கறுத்தது. மழை வந்தது. எங்கள் பஸ் வெட்டிப் போட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. ஏழுமலை மண்ணை அள்ளினான், ஆனால் மனது அதில் இல்லை, பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும் என்று நினைத்தான். எங்கள் ஆபீஸ் பேப்பர்களில் எல்லாமே "செய்யப்படும்", "தவிர்க்கப்படும்". யாரும் எதையும் நினைத்ததாக நான் இதுவரை டைப் அடித்ததில்லை. அன்றைக்குப் பக்கம் பக்கமாக அடித்தேன்.

"அப்பத்தான் சார் மஞ்சளா ஒண்ணு வருது. ஒரு கை தொங்குது. அவன் நினைக்கிறான், ஆளு. உடனே இன்னொண்ணும் நினைக்கிறான். கயித்த இழுத்து ஆளு இல்லன்னா என்ன ஆகும்? எதுக்கு இழுத்தன்னு கேப்பாங்க. நம்ம பாஸு போயிடும். இழுக்கலன்னா? யாரும் கேக்க மாட்டாங்க, யாருக்கும் தெரியாது. ஆனா நமக்குத் தெரியும். பாஸா, ஆளா? கையத் தூக்கிட்டான் சார். கை கயித்துக்குக் கிட்ட நிக்குது..."

அதிகாரியின் போன் அடித்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் அதைக் கவிழ்த்து வைத்தார். சூப்பர்வைசர் காலாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியது. முன்கதைச் சுருக்கம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸு போயிடும் சார். தொடரும்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவர் திமிரில் செய்யவில்லை. அவருக்கு வேறு மாதிரி நிறுத்தத் தெரியாது. அன்றைக்கு பஸ்ஸில் காதர் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஏழுமலையின் பிள்ளைகளுக்கு இனி நீதான் சோறு போடணும் என்பதுதான் அதில் எழுதத்தக்க பகுதி.

மறுநாள் காலை எங்கள் பஸ் ஸ்டாப்பில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். காரில் போகிறவர். கையில் ஃபைல் இல்லை. எங்களோடு பஸ்ஸில் ஏறி, நீள சீட்டில் முன்கதைச் சுருக்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கண்கள் சரியாகத் தூங்காதவரைப் போல இருந்தன.

"சொல்லுங்க. இழுத்தானா?"

பெல்ட் நின்றது அவருக்குத் தெரியும். நின்றதற்காகத்தான் விசாரணையே. நின்ற நேரம்கூட அவர் ஃபைலில் இருக்கிறது. இருந்தும் அந்த மனிதர் கேட்டார், இழுத்தானா என்று. பஸ்ஸில் ஒவ்வொருவராக இயர்போனைக் கழற்றினார்கள். டிரைவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். முன்கதைச் சுருக்கம் முன்கதையிலிருந்து ஆரம்பித்து, மைன்ஸ் கேட்டுக்கு முந்தைய வளைவில் ஏழுமலையின் கையைக் கயிற்றில் வைத்தார். "ஆளுதான் முக்கியம்னு நினைச்சான் சார். இழுத்துட்டான்."

அதிகாரி இறங்கும்போது, "அந்த இடத்துல நானா இருந்தா இழுத்திருப்பேனான்னு ராத்திரி பூரா யோசிச்சேங்க" என்று மட்டும் சொன்னார். ஆள் இருப்பதாக நம்பி நிறுத்தியது சரியே என்று எழுதிவிட்டார். ஏழுமலையின் பாஸ் தப்பித்தது.

அடுத்த வாரம் ஏழுமலை வீட்டு மரத்து முந்திரியை வறுத்து ஒரு பை எடுத்துக்கொண்டு, கேட் பக்கத்து டீக்கடைக்கு வந்தான். காதர் மூலம் கதை முழுவதும் அவன் காதுக்குப் போயிருந்தது. முன்கதைச் சுருக்கம் டீயை ஆற்றியபடி, கதை சொல்கிறவர்களுக்கே உரிய ஆசையோடு கேட்டார். "நான் சொன்னதுல ஏதாச்சும் விட்டுப்போச்சாப்பா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "எதும் வுடலிங்கண்ணா. கூடத்தான் சொல்லிட்டீங்க."

"கூடன்னா?"

"நான் எங்கிங்கண்ணா அவ்ளோ நெனச்சேன். மஞ்சளா பாத்தேன், கை தானா போயிடுச்சு. பாஸு, ஆளு, அதெல்லாம் ஒண்ணும் ஓடல. நெனக்கிறதுக்கு நேரமே இல்லிங்களே."

கூட டீ குடித்துக்கொண்டிருந்த நானும் காதரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். முன்கதைச் சுருக்கத்தின் முகம் சுருங்கிப்போனது.

"ஆனா ஒண்ணுங்கண்ணா" என்றான் ஏழுமலை. "நீங்க சொன்னத வூட்ல போய்ச் சொன்னேன். இப்ப கண்ண மூடுனா எனக்கே அப்படித்தான் வருது. பாஸா ஆளான்னு யோசிச்சுகினு நிக்கறேன், அப்புறம் ஆளுன்னு இழுக்கறேன். நான்தான் அப்படி நெனச்சேன்னு ஆயிப்போச்சு. எங்க வூட்டுக்காரி ஒரு மாதிரி மரியாதையா பாக்குது. எனக்கே என்மேல கொஞ்சம் மரியாதையாத்தான் இருக்குது."

அவன் போனபிறகு பஸ்ஸில் முன்கதைச் சுருக்கம் வாயே திறக்கவில்லை. மெயின் பஜார் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "நான் பொய் சொல்லிட்டேனா தம்பி?" என்றார். நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். காதர்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவன் கை இழுத்தது நெசம். கைக்குப் பேசத் தெரியாது, நீ பேசின. முந்திரிய எடு, தின்னு" என்றார். காதர் வாயிலிருந்து அவருக்கு ஆதரவாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

சமீபத்தில் அவர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாமான்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். கடைசி நாளில் அவருக்குப் பூமாலை போட்டு, கேட் வரைக்கும் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். யாராவது பேச வேண்டும் என்றதும் அவரைப் பற்றிப் பேச எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. நாங்கள் எல்லாரும் கேட்டே பழகியவர்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஏழுமலை முன்னே வந்தான். அவன் அவ்வளவு பேருக்கு முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு நல்ல மழைங்க" என்று ஆரம்பித்தான்.

மழையைச் சொன்னான், மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைச் சொன்னான், பெரியவளின் பள்ளிக்கூடத்தைச் சொன்னான். அவசரமே படவில்லை. மஞ்சள் நிறத்தைப் பார்த்த இடத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தினான்.

"அப்ப நான் நெனச்சேங்க. அந்த கோட்டுக்குள்ள படுத்துகினு போறது யாரு? நம்ம முன்கதை அண்ணனா இருந்தா? இவரு போயிட்டா நாளைக்கு பஸ்ல இவங்க எல்லாம் என்னாத்த கேட்டுகினு போவாங்க?"

காதர் குனிந்து அவன் காதருகே, "ஏம்பா, அவரு அப்ப மோட்டார் மேடையில நின்னுகிட்டு இருந்தாருப்பா" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்களே. நான் மஞ்சளத்தானே பாத்துகினு இருந்தேன்."

முன்கதைச் சுருக்கம் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் கிடந்த மாலையிலேயே துடைத்தார். மறுபடி போடவில்லை. கேட்டுக்கு வெளியே எங்கள் பஸ் ஹாரன் அடித்தது, இரண்டாவது முறையும் அடித்தது. யாரும் நகரவில்லை. அவர் ஏழுமலையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு, "அப்புறம்?" என்றார்.

பஸ் போனால் போகட்டும் என்று நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.